சேற்றில் கை காட்டியவர்கள்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம்தானே? நான் சுகம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் விட்டுவிடுகிறேன். அப்பா சாப்பிடுகிறார், நடக்கிறார். ஊர் தூங்கும் நேரத்தில்தான் நடக்கிறார், அதுதான் தொல்லை. ஒர்க்‌ஷாப்பில் நின்றபடியே கண் அசந்துவிடுகிறேன். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவை விரிகுடாவுக்குக் கூட்டிப்போனேன். நாலு சுவருக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது கடல் வற்றிப் பின்வாங்கி, கண்ணுக்கெட்டிய மட்டும் ஈரச் சேறு மின்னிக்கொண்டிருந்தது. வளைந்த நீள மூக்குப் பறவைகள் சேற்றைக் குத்திக் குத்தி மேய்ந்தன. கரையோரம் எங்கு பார்த்தாலும் குட்டி நண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை மட்டும் பெரிது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டின. அப்பா சிரித்தார். அதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

நான் டீ வாங்கித் திரும்புவதற்குள் சேற்றில் இறங்கிவிட்டார். முழங்கால் வரை புதைந்து நின்றார். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். "கையக் காட்டுறாங்கடா, நிறுத்தாம எப்படிப் போறது?" என்றார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர் இல்லையா, நண்டெல்லாம் பயணிகளாகிவிட்டன. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இழுக்க இழுக்க நானும் புதைந்தேன். தூரத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. பறவைகள் கூட்டமாக எழுந்து கரைப்பக்கம் வந்தன. உன்னிடம் மறைப்பானேன், ஒரு கட்டத்தில் அவர் கையை விட்டுவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். பயமே இல்லை. உட்கார இடம் கிடைத்தது என்றுதான் இருந்தது.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளாக என்னைக் கண்டக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், சின்ன வயதுச் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ரொம்பக் களைச்சுப் போயிட்டேடா. என்னைப் பார்த்தது போதும், நீ எந்திரிச்சுப் போ" என்றார்.

அப்புறம்தான் உதவிக்கு ஆள் கூப்பிட்டுக் கத்தினேன். சிப்பி பொறுக்கும் அம்மாள் ஒருத்தி, சேற்றில் புதையாமல் சறுக்கிப் போகும் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மல்லாந்து படுக்கச் சொல்லி, கால்களை ஒவ்வொன்றாக விடுவித்து இருவரையும் கரை சேர்த்தாள். வயசானவரை இப்படியா விடுவது என்று வைதாள். வாங்கிக்கொண்டேன்.

பஸ் ஏறும்போதே நான் மறுபடி கண்டக்டர்.

உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் தெரியும். இதுவரை நானாக எதுவும் கேட்டதில்லை. உன்னையும் ஒரு நாள் அப்படி அடையாளம் கண்டுகொள்வார். அப்போது நீ அவர் எதிரில் இருக்க வேண்டும். வந்துவிடம்மா. எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் அண்ணன்