கரை சொல்லும் மணி

மார்ச் 4, செவ்வாய்

எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க "மூச்சை அடக்குங்க, இப்ப விடுங்க" என்றே போயிற்று. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் எங்கள் படகு விளையாட்டுக்கு இன்னொரு குவியல் திருத்தங்கள். இதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி அனுப்பலாம். எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது என் வேலை. சம்பளம் கிடையாது, ஏச்சு உண்டு. முன்பு மாதத்துக்கு நாலைந்து வரும். இப்போது செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் எழுதி வாங்கி அனுப்புகிறார்கள். ஏதாவது கேட்டால் அந்தப் பதிலையும் இயந்திரமே சொல்கிறது.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு: படகை ஒருமுறை ஓட்டிக் கரை சேர்க்காமல் எந்தத் திருத்தத்தையும் சேர்ப்பதில்லை. எங்கள் குழுவில் ஆந்தை என்பவர் கொண்டுவந்த வழக்கம் அது. ஆந்தைக்குக் கண் தெரியாது. அந்தப் பட்டப்பெயரை அவரேதான் வைத்துக்கொண்டார். கரை நெருங்கும்போது அடிக்கும் மணியைக் கேட்டு ஓட்டுவார். என்னைவிட நன்றாகவே.

மார்ச் 9, ஞாயிறு

விளையாட்டைப் பற்றி எழுதிப் பேசிவந்த பழைய இணைய மன்றத்தை மூடிவிட்டோம். இனி எல்லாம் அரட்டைச் செயலியில். எங்கே பேச்சு நடந்தாலும் வந்து மொய்ப்பதால் கொசு என்று பெயர் வாங்கிய பையன் ஒற்றைக் காலில் நின்றான். "மன்றத்துல யாரு இருக்கா, அக்கா? எல்லாரும் இங்க வந்தாச்சு." நானும் தலையாட்டினேன்.

மார்ச் 22, சனி

குவியல் தீர்ந்தது! எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேனா? இல்லை. பாதிக்கு விளக்கத்தைப் படித்ததோடு சரி. சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர், "படகு ஓட்டுறவங்க சாப்பிட வரலாமா?" என்றார். ஓட்டவே இல்லையே என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ஆந்தையை எங்கே காணோம்?

ஏப்ரல் 5, சனி

ஆந்தையிடமிருந்து மின்னஞ்சல்.

"மணி அடிக்கல. அரட்டைல சொல்லிப் பாத்தேன். கணினி ஒரு வரியை எனக்குப் படிச்சுக் காட்டுறதுக்குள்ள பத்து வரி ஓடிடுது. பழைய பதிப்பை நகல் எடுத்துத் தனியா நடத்திக்கிறேன். கோபம் எல்லாம் இல்ல."

தேடினேன். 'பயன்படாத ஒலிகளை நீக்குதல்' என்று ஒரு திருத்தம். அதற்குக் கீழே நான் எழுதிய 'நன்றி', பக்கத்தில் ஒரு சிரிப்புப் படம். ஒரே ஒரு தடவை ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அவர் கோபப்பட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். ஏன் இப்படி நல்லவரா இருக்கணும்?

ஏப்ரல் 6, ஞாயிறு

மணியைத் திரும்ப வைத்தேன். ஓட்டிப் பார்த்தே வைத்தேன். ஆந்தைக்கு எழுதினேன். பதில் இல்லை.

ஏப்ரல் 12, சனி

மணி மறுபடி போயிற்று. புதிதாக வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தொல்லையாம். வாக்கெடுப்பு நடத்திக் கொசுவே எடுத்துவிட்டான். சேர்க்கவும் நீக்கவும் அவனுக்கு உரிமை கொடுத்ததும் நான்தான். ஆந்தை எப்படி ஓட்டுவார் என்று கேட்டேன். "அவர் ஒருத்தர்தானேக்கா." அதற்கு யாரோ கைதட்டும் படம் போட்டார்கள். இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அழுகை வந்தது. இவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பொறுப்பைக் கொசுவிடம் கொடுத்துவிட்டேன். "ஏன்க்கா?" என்று கேட்டான். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

ஆந்தையின் நகலில் ஆட்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். திரும்பும்போது படகு கொஞ்சம் இழுத்தது. சரிசெய்து அனுப்பினேன், எல்லோரையும் போல வரிசையில். மதியம் பதில் வந்தது. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

"ஓட்டிப் பாத்தீங்களா?"

திரையை அணைத்துவிட்டு ஓட்டினேன். முதல் தடவை பாறையில் மோதினேன். அடுத்த தடவையும்தான். அதற்கடுத்த தடவை இடப்பக்கம் மணி கேட்டது, மெல்லத் திருப்பினேன், கரை வந்தது.

ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதி அனுப்பினேன்.