சிவப்பு ஐசியும் என் கையெழுத்தும்

உன் மரணச் சான்றிதழை நகலெடுத்துத் தரச் சொன்னான் உன் மகன். கோலசிலாங்கூர் கடையில் இயந்திரத்திலிருந்து வந்த தாள் இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூட்டு வாசனை மூக்கில் ஏறியதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரப் பெண் நாற்காலி எடுத்துப் போட்டாள். நீ போன துக்கம் என்று நினைத்திருப்பாள்.

எண்பதுகளின் நடுவில், கிள்ளானில் ஒரு கல்லூரியின் மாணவர் உதவிப் பிரிவில் நான் குமாஸ்தா. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள் நாம். படிப்பில் நீதான் கெட்டி. நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம் நீயும் அதே கல்லூரியில் கணக்கியலுக்குச் சேர்ந்து, கூட்டரசு கல்வி உதவிக்கான படிவத்தோடு என் கவுண்டருக்கு வந்தாய்.

குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் அந்த உதவி. உன் அக்காள் ஆஸ்பத்திரியில் பிறந்தவள்; அவளுக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை, நீல ஐசி. நீ லயத்திலேயே பிறந்தாய். உன் பிறப்பைப் பதியச் சொல்லி உன் அப்பா தோட்ட அலுவலகக் கிராணியிடம் கொடுத்த தாள் எங்கேயோ போயிற்று. பிறந்த நாட்டிலேயே உனக்குக் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு ஐசி.

நகலில் நிறம் தெரியாது. அதனால்தான், அசலைப் பார்த்ததாக முத்திரை குத்திக் குமாஸ்தா கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி.

"செவப்புதான்டி. கெடைக்காதுன்னா சொல்லிடு, நான் போயிடுறேன்" என்றாய்.

நான் முத்திரையைக் குத்தினேன். "பேசாம போ லா" என்றேன்.

ஒரு வருடம் படித்தாய். வகுப்பில் முதலாவதாக வந்தாய். இரண்டாம் வருடம் தலைநகரிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள், உதவி பெறும் எல்லாரையும் அசல் ஐசியோடு வரச் சொன்னார்கள். அதற்கு முந்தின நாளே ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். சொல்லி என்ன? படிவங்களை நான்தான் அவர்கள் மேசையில் அடுக்கி வைத்தேன். உன்னுடையதை அடியில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்தால் அடியில் இருப்பதும் வரத்தானே செய்யும்.

இது யார் கையெழுத்து என்று அதிகாரி மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பேசினாய். அன்று கவுண்டரில் அக்காளின் நீல ஐசியைக் காட்டி, பெயரை விரலால் மறைத்து ஏமாற்றிவிட்டேன், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்றாய். "அப்படியா?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன்.

உண்மையைச் சொல்லியிருந்தாலும் உனக்கு உதவி கிடைத்திருக்காது. இத்தனை வருடமாக அதைத்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று மாலைக்குள் உன் பெயரை நீக்கினார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

பஸ் நிற்குமிடத்தில் கேட்டேன். "ஏன்டி அப்படி சொன்ன?"

"எனக்கு எப்படியும் போச்சு. நீயும் போயி என்னாடி பண்றது? உங்கம்மாவுக்கு மருந்து யாரு வாங்குவா? பஸ் வருது, ஏறு."

அதன் பிறகு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றே வேலை செய்தாய். நாற்பது வயது தாண்டித்தான் நீல ஐசி வந்தது. தீபாவளிக்கு வந்தால் என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவாய். அந்த நாளைப் பற்றி நான் பேச்செடுத்தால், "டீ ஆறுது, குடி" என்பாய். நானும் குடிப்பேன்.

அதே பிரிவிலிருந்துதான் ஓய்வு பெற்றேன். பிரியாவிடை நிகழ்ச்சியில், இத்தனை வருடத்தில் ஒரு கையெழுத்துகூடத் தப்பாகப் போடாதவர் என்று சொல்லி மாலை போட்டார்கள். நீ முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய். அது பொய் என்று தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருத்திதான்.