தேயிலைத் தண்ணீரில் நனைக்காத கடிதம்

என் மகளின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். யோசிக்கிற வேலையை எல்லாம் உங்கள் அறைத்தோழர் சட்டப்புலி பார்த்துக்கொள்ளும்போது உங்களுக்கு என்ன குறை?

அவர் எழுதி நீங்கள் அனுப்பிய மாதிரிக் கடிதம் வந்து சேர்ந்தது. அகதிக் குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் அலுவலகம், நாம் கணவன் மனைவி என்பதற்கு அத்தாட்சி கேட்கிறதாம். தொலைபேசியில் பேசியதெல்லாம் கணக்கில் வராதாம். அதனால் பழைய தேதிகள் போட்டு நான் பதினொரு காதல் கடிதங்கள் எழுத வேண்டும். பேனாவை மாற்றி மாற்றி எழுத வேண்டும். தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் தாள் பழசாகத் தெரியும். அடடா, என்ன மூளை! ஒன்பது வருடத்துக்கு முன் நீங்கள் அங்கே போய் இறங்கியபோது, தனி ஆளுக்குத்தான் சீக்கிரம் அனுமதி கிடைக்கும், கல்யாணம் ஆகவில்லை என்று எழுது என்று சொல்லிக்கொடுத்ததும் இதே மூளைதானே? நீங்களும் மண்டையை ஆட்டிவிட்டு எழுதினீர்கள். நான் இல்லாமல் போனேன். எட்டு வயதுப் பிள்ளையும் இல்லாமல் போனாள்.

மாதிரியில் என்னவோ நிலவைக் காணும்போதெல்லாம் உங்கள் திருமுகம் தெரிகிறது என்று இருக்கிறது. என் ஜன்னலுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்து மணி நேரம் நின்றுகொண்டு படுக்கை விரிப்பு மடிக்கிறவளுக்கு நிலவு எதற்கு? கால் நீட்ட இடம் கிடைத்தால் போதும். உங்கள் திருமுகத்தை நான் பார்க்காததா என்ன?

ஆனாலும் ஒன்று எழுதினேன், வெட்கக்கேடு. நனைத்து ஜன்னல் கட்டையில் காயப்போட்டிருந்ததை மகள் எடுத்துப் படித்துவிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்கு இது என்று கேட்டபோது, இத்தனை நாள் மறைத்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று. சிரிப்பு நின்றுபோயிற்று. "அப்போ அப்பா எழுதினதுல நான் யாரும்மா?" என்று கேட்டாள். உங்களிடம் பதில் இருந்தால் அவளுக்கே எழுதுங்கள், சட்டப்புலியைக் கேட்காமல்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இன்னும் ஐந்து வாரத்தில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குப் பிறகு அப்பாவின் பேரைச் சொல்லி அவள் வர முடியாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஒரு பொய்க்கு ஒன்பது வருடம் போயிற்று. இன்னும் பதினொன்று சொல்லி இந்த ஐந்து வாரத்தையும் கெடுக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தையே கொண்டுபோய்க் கொடுங்கள். இன்றைய தேதிதான் போட்டிருக்கிறேன். திட்டியதை விட்டுவிட்டு மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.

இதைப் படிக்கும் அதிகாரிக்கும் நாலு வார்த்தை. இந்த மனிதர் எத்தனை முறை சொன்னாலும் ஈரத் துண்டைக் கட்டிலின் மேல்தான் போடுவார். தட்டில் பிடித்ததைத் தின்றுவிட்டு மிச்சத்தை என் தட்டில் தள்ளுவார். எனக்குக் காய்ச்சல் வந்தால் கால் பிடித்துவிடுவார். யாராவது வந்தால் வெடுக்கென்று கையை எடுத்துக்கொள்வார். பிடித்துப்போக ஆட்கள் வந்த அன்று, பின்வாசல் வழியாக ஓடிய அவசரத்தில் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் என் செருப்புமாகப் போனார். மிச்ச இரண்டும் இங்கே கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. எந்தக் காலில் எது என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். இல்லாத புருஷனைக் கற்பனை செய்வதாக இருந்தால், இன்னும் கொஞ்சம் உருப்படியான ஆளாகச் செய்திருக்க மாட்டேனா?

உங்களுக்குச் சொல்ல இனி ஒன்றுதான் பாக்கி. பயந்து எழுதியதைப் பயப்படாமல் போய்த் திருத்துங்கள். தனியாகப் போங்கள். எனக்கு இடமில்லை என்றால் நான் இங்கேயே விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறேன். அவளை மட்டும் உங்கள் வாயால் என் மகள் என்று சொல்லிவிடுங்கள்.

அங்கே குளிர் என்றீர்கள். போகும்போது காதை மூடிக்கொண்டு போங்கள். நல்லபடியாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
கல்யாணமே ஆகாத உங்கள் மனைவி