சொந்தக்காரர் பங்கு

அன்புத் தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீதான் போனை எடுப்பதில்லையே, அதனால் எழுதுகிறேன்.

இன்று மூன்றாம் வகுப்பில் சமபங்கு நடத்தினேன். ஆளுக்குப் பன்னிரண்டு புளியங்கொட்டை கொடுத்து, பக்ரீத் கறியைப் பிரிப்பதுபோல வீட்டுக்கு, சொந்தக்காரருக்கு, ஏழைகளுக்கு என்று மூன்று பங்கு வைக்கச் சொன்னேன். உஸ்மா என்கிற வாயாடி மட்டும் உடைந்த கொட்டைகளையெல்லாம் ஒரே குவியலில் போட்டிருந்தாள்.

“இன்னாடி இது?” என்றேன்.

“அது எங்க ஊட்டுப் பங்கு மிஸ். எலும்பு நமக்கு, நல்ல கறி மத்தவங்களுக்குன்னு அத்தா சொல்லுவாரு. எண்ணிப் பாருங்க, நாலுதான் கீது.”

வகுப்பே சிரித்தது. நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

போன பக்ரீத்துக்கு நான் கொடுத்தனுப்பிய பையில் வெறும் எலும்புதான் என்று மாங்காடு முழுக்கச் சொன்னாயாமே? மூன்று பங்கும் தராசில் ஒரே எடைதான். இப்போதும் அடித்துச் சொல்வேன்.

அடுத்த வாரம் பக்ரீத். இந்த முறை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன், பையை நானே எடுத்து வருகிறேன். ஒரு எலும்பு கிடந்தாலும் கதவைச் சாத்திக்கொள். இல்லையென்றால் மசாலாவை அரைத்து வை. உன் கைக் குழம்பைச் சாப்பிடாமல் நான் கிளம்பப் போவதில்லை.

உன் அக்கா