ஒரே திருப்பில் கிளம்பும் வண்டி

அமாவாசை, செவ்வாய் இரவு

நைனாவுக்கு ஞாபகம் தப்பிய பிறகு நேற்று வரை அம்பாசடரை அவர் எடுத்ததே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரில் பொறி கொடுக்கும் பாயிண்ட் கரி பிடித்து வண்டி கிளம்பாமல் கிடந்தது. அதுவே எங்களுக்கு ஒரு பூட்டு. போன வாரம் நான்தான் ஆசைப்பட்டு, பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினேன். இப்போது ஒரே திருப்பில் கிளம்புகிறது. சாவியை ஒளித்தும் பயனில்லை. தேய்ந்த சாவித் துவாரம், ஸ்க்ரூடிரைவர் விட்டாலே திரும்பும்.

இன்று மத்தியானம் தனியாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேல்மலையனூர் ரோட்டில், கோயிலுக்கு நடந்து போகிற கூட்டத்துக்கு நடுவில், என்ஜின் ஓட உட்கார்ந்திருந்தார். பம்பருக்கு ஒரு முழம் முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். யாருக்கும் அடிபடவில்லை. எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. எழுத்து கோணலாகப் போகிறது.

மெக்கானிக்குக்குப் போன் செய்து, நாளைக்கே கரி பிடித்த அந்தப் பழைய பாயிண்டையே மாட்டிவிடச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா, என்னைத் தன் தம்பி என்று நினைத்துச் சிரித்தார்.

"பாயிண்ட் தானே? இன்னாத்துக்குடா பயப்படுற? உப்புத்தாள் இருந்தா குடு. கண்ண மூடிக்கினு தேச்சி ஸ்டார்ட் பண்ணிடுவேன்."

இத்தனை நாள் அவருக்குத் தோன்றாதது இன்று தோன்றிவிட்டது. உப்புத்தாளுக்காகக் கையை நீட்டினார். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.