மஞ்சள் குடோனில் உன் கண்

ஏட்டி, இன்று காலை கொச்சங்காடி குடோனுக்கு லீவு சொல்லத்தான் போனேன். அந்நேரம் பார்த்து ஒரு மஞ்சள் மூட்டையைப் பிரித்தார்கள். இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்ட வாடைதான். இன்று அங்கே நிற்க முடியாமல் வாசலுக்கு வந்துவிட்டேன். உன் மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இன்னும் மாதம் நிறையவில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது என்று போனவளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

உனக்கும் அப்படித்தானே அரித்தது. தென்காசியிலிருந்து ஒன்றாக மலை தாண்டி மட்டாஞ்சேரிக்கு வந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சள் புடைத்தவர்கள் நாம். நீ சொறிந்தபோது மஞ்சள் தூசி என்றோம். "வயித்துப் புள்ளைக்கு முடி வளருதுட்டி, அதான்" என்று நீயே சிரித்தாய். அப்புறம் கண் மஞ்சளித்தது. நகம், சேலை, சாயா கிளாஸ் எல்லாமே மஞ்சளாய்க் கிடக்கிற இடத்தில் உன் கண்ணை யார் தனியாகப் பார்ப்பது? வாந்தி நிற்காமல் போன பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடத்தில் கசிவு நிற்கவே இல்லை. ஈரல் கெட்டுவிட்டது, ரத்தம் உறைய மாட்டேனென்கிறது என்றார்கள். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். நீ திரும்பவில்லை. எனக்கு முதல் கோபம் உன்மேல்தான். அழுது ஊரைக் கூட்டியிருக்கலாம், சிரித்தே ஏமாற்றிவிட்டாய்.

அன்றிலிருந்து குடோனில் எவள் உண்டானாலும் வாசலுக்கு இழுத்துப்போய், வெயிலில் நிறுத்தி, இமையை விரித்துப் பார்ப்பேன். கிறுக்கி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உன் மகளுக்கும் பார்த்தேன். கண் வெள்ளைவெளேரென்று இருந்தது. அப்பாடா என்று இருந்துவிட்டேன். என்னைக் கேட்காமல் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தவள் அவள்தான். ஈரல் சோதனையில் அளவு ஏறியிருந்தது. பித்த அமிலம் என்று இன்னொன்றும் பார்த்தார்கள், அதுவும் ஏறியிருந்தது. கண்ணில் தெரியும் முன்பே ரத்தத்தில் தெரிந்துவிடும், சிலருக்குக் கண் மஞ்சளாகவே ஆகாது என்றார் டாக்டர். வயிற்றுப் பிள்ளைக்குத்தான் ஆபத்தாம். முன்கூட்டியே எடுக்க வேண்டிவரலாமாம்.

வளர்த்த என்னை அவள் அம்மா என்றுதானே கூப்பிடுவாள். அதனால் டாக்டர் என்னைப் பார்த்து, உங்களுக்கும் பிரசவ சமயத்தில் ஈரல் கோளாறு இருந்ததா என்று மலையாளத்தில் கேட்டார். பெற்றவள் பிரசவத்தில் போனாள் என்பது மட்டும் உன் மகளுக்குத் தெரியும். எதனால் என்று நான் சொன்னதில்லை. தன்னைச் சுமந்ததால்தான் என்று நினைத்துவிடுவாளோ என்ற பயம். இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். ஊசி குத்திய இடம் கசிந்தது வரை அவள் முன்னாலேயே சொன்னேன். டாக்டர் உடனே ரத்தம் உறைகிற நேரத்தையும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். இதுவரை அதெல்லாம் சரியாக இருக்கிறது. நாளைக்கும் எடுப்பார்களாம்.

அவர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ என்னாலயாம்மா?"

"உன்னால இல்லட்டி. நேரத்துக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பாக்கல. அம்புட்டுதான்."

தலையாட்டினாள். அவளுக்கு அந்தப் பதில் போதுமாயிருந்தது. தினமும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் இன்னும் போதவில்லை.