பீங்கான்கள் காய்கின்றன, காக்கா

கடலுக்கு அப்பால் மண்ணுக்குள் உறங்கும் என் அன்புக் காக்காவுக்கு,

உங்கள் தங்கச்சியின் ஸலாம் உங்கள் கபுறு வரைக்கும் வந்து சேரட்டும். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பீங்கான்கள் காய்கின்றன. நீங்கள் அனுப்பிய மெஷினில் இருந்து எடுத்தால் ஒரு சொட்டு ஈரம் கிடையாது, அப்படியே அலுமாரியில் அடுக்கலாம். உம்மாவின் கை வெடிப்புகளும் மூடிவிட்டன. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

இதில் என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் மௌத்தானபோது அந்தப் பெட்டி கப்பலில் இருந்தது. இங்கே வந்து அது எங்களை என்ன பாடு படுத்தியது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் ஆரம்பத்தில் இருந்தே சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். இப்போதாவது என் பேச்சைக் குறுக்கே வெட்ட மாட்டீர்கள்தானே?

கட்டாரில் நீங்கள் சமைக்கும் கேம்பில் பீங்கான் கழுவ மெஷின் இருக்கிறது, வீட்டுக்கு ஏற்றதாகச் சின்ன மெஷின் ஒன்று பார்த்து வாங்கி அனுப்பிவிட்டேன் என்று, கடைசியாகப் பேசிப் பதிந்து அனுப்பிய கெசட்டில் சொல்லியிருந்தீர்கள். "உம்மாட கையில இனிச் சவுக்காரம் படப்படாது" என்று ஓர் அதட்டல் வேறு. அப்போது உம்மாவின் கை இருந்த நிலை உங்களுக்கு நினைவிருக்கும். விரல் மடிப்பெல்லாம் வெடித்து, கறியில் கை வைத்தால் துடித்துப்போவார். ஈரத்திலும் சவுக்காரத்திலும் கை வைக்கக்கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். உம்மா தலையாட்டிவிட்டு வந்து நேரே குசினிக்குள் போனார். நான் வேலை முடிந்து கந்தோரால் வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்திருப்பார். சண்டை பிடித்துப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். உம்மாவிடம் எது எடுபடும்?

கொழும்புக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தது உங்கள் மச்சான், என் மனிசன் ஜவாஹிர்தான். வழியில் இருந்த ஒவ்வொரு செக்பொயின்டிலும் அதைப் பிரித்துக் காட்டி, இது பீங்கான் கழுவும் மெஷின் என்று விளங்கப்படுத்தி, ஒருவரும் நம்பாமல், அரை உயிராக வந்து சேர்ந்தார். லொறியில் இருந்து இறக்கும்போது ஒழுங்கையே கூடிவிட்டது. விஷயம் தெரிந்ததும் நம் சாச்சியின் வாய் சும்மா இருக்குமா?

"பீங்கான் கழுவ மெஷினா? ஏன், இந்த ஊட்டுல பொம்புளையள் இல்லையா?"

உம்மா தன் தங்கச்சியைத் தாண்டி வந்தார். பெட்டியின் மேல் உங்கள் கையெழுத்தில் இருந்த விலாசத்தைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மெஷினோடு வந்த புத்தகம் முழுக்க அரபி. உம்மா அதைக் கண்ணில் ஒற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். குசினித் தரையில் போட்டு விரிக்கும் எழுத்தா குர்ஆனின் எழுத்து? ஓத எங்கள் எல்லோருக்கும் தெரியும், விளங்க ஒருவருக்கும் தெரியாது. கெஞ்சிக் கேட்டு எடுத்து, படங்களைப் பார்த்துத்தான் பைப்பைப் பூட்டினோம்.

முதல் நாளே பீங்கான்கள் பளிச்சென்று வந்தன. ஆனால் எல்லாவற்றிலும் தண்ணீர் நின்றது. கோப்பைகளின் அடியில் குளம், சட்டியின் விளிம்பில் சொட்டு. உம்மா ஒரு துவாயை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார். மறுநாளும் அதே கதை. நாள் முழுக்க ஈரத் துவாயோடு கிடந்து அவர் கை முன்னையை விட மோசமானது. சோற்றைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் அளவுக்குப் போய்விட்டது, காக்கா. எனக்கு உங்கள் மேல்கூடக் கோபம் வந்தது. இப்படி ஒரு சாமானை அனுப்பிவிட்டு, கேள்வி கேட்க முடியாத இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டீர்களே என்று.

உங்கள் மச்சான் விடவில்லை. மாலையில் ஊரெல்லாம் லைட் போட்டால் கறண்ட் குறையும், மெஷினுக்குச் சூடு ஏறாது என்றார். ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கிப் பூட்டினார், பகலில் மட்டும் ஓட்டச் சொன்னார். ஈரம் போகவில்லை. பிளாஸ்டிக் தட்டுகளில் சூடு நிற்காது என்று அவற்றை வெளியே எடுத்தோம். விருந்துக்கு நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹனை உம்மா உள்ளே திணித்திருந்தார், அது தண்ணீரை மறிக்கிறது என்று அதையும் எடுத்தோம். பீங்கானில் நீர் தங்காமல் வழுக்கி விழ ஒரு மருந்து ஊற்ற வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கல்முனைக் கடைகளில் அப்படி ஒன்றைக் கேட்டால் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு முதலாளி மட்டும் தைரியமாக ஒரு போத்தலைத் தூக்கித் தந்தார். அது வெறும் சவுக்காரத் தண்ணீர். நுரை குசினியைத் தாண்டி முற்றத்துக்கு நடந்து வந்தது. கோழிகள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு வினாகிரி ஊற்றினோம். கோப்பைகள் மினுங்கின, ஈரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சாச்சி வந்து பார்த்தார்.

"அவன ஆரோ நல்லா ஏமாத்திட்டானுகள், ராத்தா. பழசத் தலையில கட்டியிரிக்கானுகள்."

"எண்ட புள்ள ஏமாறுற புள்ள இல்ல" என்றார் உம்மா. அவ்வளவுதான். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

கடைசியில் பஜாரில் ஃபிரிட்ஜ் திருத்துகிற பாஸைக் கூட்டி வந்தோம். அவர் கழற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். காயவைக்கிற பாகம் செத்துவிட்டது, இந்த நாட்டில் கிடைக்காது, வெள்ளிக்கிழமை வந்து மோட்டருக்காக நானே எடுத்துப்போகிறேன் என்றார். உங்கள் மச்சான் சரி என்றுவிட்டார். எனக்கும் சரி என்று சொல்லத்தான் வந்தது. ஆனால் அது போனால் உம்மா திரும்பவும் சவுக்காரத்தில் கை வைப்பார், அதோடு சாச்சி சொன்னதுதான் ஊரில் நிற்கும். என் காக்கா, எனக்கு இந்த வீட்டைக் கட்டித் தந்துவிட்டுத்தான் தனக்குக் கலியாணம் என்று நின்றவர், உம்மாவுக்கு ஆசையாக அனுப்பிய ஒரே சாமான் ஓட்டைச் சாமான் என்று.

வியாழன் பகல் உம்மா, சாச்சி வீட்டில் ஓதிச் சாப்பாடு கொடுக்கும் கத்தத்துக்குப் போனார். எனக்கு அன்றும் மறுநாளும் லீவு. பீங்கான்களை மெஷினில் அடுக்கி, பட்டனை அமத்திவிட்டு உடுப்பு மடிக்கப் போனவள் அப்படியே மறந்துபோனேன். அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் நினைவு வந்து திறந்தேன். காக்கா, அத்தனையும் காய்ந்திருந்தன! விரலால் தேய்த்தால் கிறீச்சென்று சத்தம் வந்தது. உங்கள் மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இண்டைக்குக் கறண்ட் நல்லா இரிக்கும்" என்றார், எல்லாம் தெரிந்தவர் மாதிரி. பொழுது படுமுன் உம்மா வந்து மெஷினை ஓட்டினார். திரும்பவும் ஈரம்.

அதே மெஷின், அதே பீங்கான். எங்கள் கந்தோரில் ஒரு கோப்பு காணாமல் போனால் கடைசியாக அது யார் மேசையில் இருந்தது என்றுதான் முதலில் கேட்போம். வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நாற்பது வயதை நெருங்கும் பெண் பிள்ளை செய்கிற வேலையா? ஆனாலும் நின்றேன்.

மெஷினின் சத்தம் ஓய்ந்தது. உம்மா எழுந்தார், "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் கதவைத் திறந்தார். ஆவி குப்பென்று வந்தது. பக்கத்தில் வாளியில் கிணற்றுத் தண்ணீர். கேத்தலில் மொண்டு, ஒவ்வொரு பீங்கானின் மேலும் மூன்று தரம் ஊற்றினார், கோப்பைகளையும் விடவில்லை. பிறகு மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கதிரையில் இருந்தார். கடைசியாக வருகிற கொதிதண்ணீரின் சூட்டிலேதான் பீங்கான்கள் காய வேண்டும், சத்தம் ஓய்ந்த பிறகும் அந்த வேலை உள்ளே நடக்கிறது. உம்மா அந்த நேரம் பார்த்துப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டிருந்தார்.

"உம்மா! என்ன செய்றீங்க?"

அவர் திடுக்கிட்டுவிட்டார், பாவம். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அது ஒரே தண்ணியத்தானே புள்ள சுத்திச் சுத்தி அடிக்குது. எச்சித் தண்ணி. மேலால நல்ல தண்ணி ஊத்தாட்டி எனக்கு மனசு வருகுதில்ல."

"அப்ப அத எங்களுக்கிட்டச் சொல்லியிரிக்கலாமே? எத்தின நாளா மனிசன் மண்டைய உடைக்காரு!"

"எப்பிடிகா சொல்லுற? மௌத்தான புள்ள அனுப்பின சாமான் சுத்தமில்லயெண்டு எண்ட வாயால எப்பிடிச் சொல்லுற?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன். கழிவுத் தண்ணீர் போகும் பைப்பைச் சுவரில் இருந்து இழுத்து ஒரு வெள்ளை வாளிக்குள் விட்டு, அதே பீங்கான்களில் மீன்கறியைத் தடவி, மெஷினைத் திரும்பவும் ஓடவிட்டேன். "பாருங்க, பேசாமப் பாருங்க" என்றேன்.

முதலில் மஞ்சளும் எண்ணெயுமாக வந்து விழுந்தது. உம்மா மூக்கைச் சுளித்தார். அதைக் கொட்டினேன். டாங்கியில் இருந்து புதுத் தண்ணீர் இறங்கும் சத்தத்தைச் சுவரில் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். அடுத்து வந்தது கலங்கலாக இருந்தது, அதற்கடுத்தது தெளிவு. கடைசியாக வந்தது வாளியின் அடி தெரியுமளவுக்குச் சுத்தம். உம்மா குனிந்து முகர்ந்து பார்த்தார். "ஒவ்வொருக்காலும் புதுசா எடுக்குதா?" என்று கேட்டார். "ஓம் உம்மா. ஊத்துது, வெளியால தள்ளுது, மறுகா ஊத்துது."

சத்தம் ஓய்ந்தது. அவர் கை கேத்தலைத் தேடிப் போனது. "கொஞ்சம் பொறுங்க" என்று பிடித்துக்கொண்டேன். சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தோம். வெளியே பள்ளியில் தொழுகை முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அப்போதுதான் உம்மா கேட்டார், மெஷினைப் பார்த்தபடியே.

"அங்க அவனையும் நல்லாத்தானே குளிப்பாட்டியிரிப்பாங்க, புள்ள?"

நீங்கள் போன நாளில் இருந்து அவர் உங்கள் ஜனாஸாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, காக்கா. யார் குளிப்பாட்டியது, யார் கபன் உடுத்தியது, ஒன்றும் கேட்டதில்லை. கேட்காத அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனை இரவு விழித்திருந்தாரோ?

"ஓம் உம்மா. காக்காட கூட்டாளிமார்தான் குளிப்பாட்டினாங்க. நம்மட ஊர்ப் பொடியன்மாரும் நிண்டிருக்காங்க."

"கதவச் சாத்திப்போட்டுத்தானே?"

"ஓம் உம்மா."

"தண்ணி தாராளமா ஊத்தியிரிப்பாங்க."

"ஊத்தியிரிப்பாங்க உம்மா. மூண்டு தரமும்."

"அப்ப சரி" என்றார் உம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேத்தலை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டு வந்து திரும்பவும் இருந்தார். அவர் சொல்லும் வரைக்கும் நான் கதவைத் திறக்கவில்லை. திறந்தபோது ஒரு பீங்கானை எடுத்துப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

பின்னேரம் பாஸ் வேனோடு வந்து நின்றார். "மெஷின் நல்லாரிக்கு மகன், நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று உம்மாவே சொல்லி அனுப்பினார். சாச்சிக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டு, காய்ந்த கோப்பையைக் கையில் கொடுத்து, அதிலேயே தேத்தண்ணி ஊற்றினார். சாச்சி குடித்துவிட்டுப் போனார், வாயைத் திறக்கவில்லை. இப்போது உம்மா கையால்தான் சாப்பிடுகிறார், உறைப்புப் போதாது என்று என்னைத் திட்டிக்கொண்டு. இரவில் நன்றாகத் தூங்குகிறார். உங்கள் பெயரைச் சொல்லிக் கதைக்கிறார், சிரிக்கவும் செய்கிறார்.

காக்கா, இந்த மெஷின் ஒரு நாள் உண்மையாகவே பழுதாகும். பழுதாகட்டும். அன்றைக்கு இந்த வீட்டுப் பீங்கான் எல்லாவற்றையும் நான் கழுவுவேன். உம்மாவைத் தொட விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.

துஆவோடு,
பீங்கான் கழுவ என்றைக்குமே பிடிக்காத உங்கள் தங்கச்சி,
ஹிதாயா